குழந்தையின் முகம் யாருக்குச் சொந்தம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாமா, அந்த வெள்ளத்து வீடியோவ எடுத்துடு" என்றாள். எந்த வீடியோ என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. அவளே என் போனை வாங்கித் தேடிக் காட்டினாள். பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். சடையங்குப்பத்தில் இருக்கிறவர்களுக்கு வெள்ளம் புதுசு இல்லை. பூண்டி ஏரியில் தண்ணீர் திறந்தால் கொசஸ்தலை ஆறு எங்கள் பக்கம்தான் ஏறி வரும். 2015இல் வந்தது, 2021 நவம்பரில் வந்தது, 2023இலும் வந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஒரு படகில் பிரெட்டும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்தார்கள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. துணியெல்லாம் நனைந்துபோய், அம்மாவின் நைட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்கு ஒழுக அழுதபடி இரண்டு கையையும் நீட்டி ஒரு பாக்கெட்டை வாங்கினாள். நான் மாடிப்படியில் நின்று அதை வீடியோ எடுத்தேன். பதினெட்டு விநாடி. "எங்க ஊர யாரும் எட்டிப் பாக்கல, நீங்களாவது பாருங்க" என்று எழுதிப் போட்டேன்.

நல்ல எண்ணத்தில்தான் போட்டேன். ஆனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக என் பதிவுகளை முப்பது நாற்பது பேர் பார்ப்பார்கள். அன்று இரவுக்குள் அது ஆயிரங்களில் போய்விட்டது. கரண்ட் இல்லை. பவர் பேங்கில் கொஞ்சம்தான் சார்ஜ் மிச்சம். அதில் பாதியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று திரும்பத் திரும்பப் பார்த்தே தீர்த்தேன். ஊருக்காகப் போட்டேன் என்பதும் உண்மை, இதுவும் உண்மை.

இப்போது அவள் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் மாறிவிட்டது. புது வகுப்பில் யாரோ அந்த வீடியோவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் போட்டது இல்லை. அதை எடுத்து, சோகப் பாட்டு ஒன்றைச் சேர்த்து, வேறு ஒரு பக்கத்தில் போட்டிருந்த நகல். அன்றிலிருந்து அவளுக்கு வகுப்பில் ஒரு பட்டப்பெயர். அது என்ன என்று இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

என்னுடைய பதிவை எடுக்கப் பத்து விநாடி ஆனது. அந்தப் பக்கத்துக்கு மூன்று தடவை செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. "நீதான மாமா எடுத்த, நீ சொன்னா எடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

பெற்றோர்களும் யூடியூபர்களும் பிள்ளைகளின் படங்களை இணையத்தில் போடுவதைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள். பாதுகாப்பா? அளவாகத்தான் போடுகிறோமா? இரண்டும் தேவைதான். ஆனால் அக்கா மகள் கேட்டது மூன்றாவது கேள்வி: போட்டதைத் திரும்ப வாங்க முடியுமா, அதைக் கேட்கும் உரிமை யாருக்கு? கொஞ்ச நாளாக இதைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

இர்ஃபான் விவகாரத்தில் யாரும் கேட்காத கேள்வி

தமிழ்நாட்டில் இந்த விஷயம் பெரிதாகப் பேசப்பட்டது யூடியூபர் இர்ஃபானால்தான். 2024 மே மாதம், பிறக்கப்போகும் தன் குழந்தையின் பாலினத்தை ஒரு விருந்து வைத்து அறிவித்து, அதை வீடியோவாகப் போட்டார். பரிசோதனை துபாயில் செய்தது. இந்தியாவில் கருவின் பாலினத்தைக் கண்டறிவதும் வெளியே சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம் நோட்டீஸ் அனுப்பியது. அவர் வீடியோவை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

ஜூலையில் குழந்தை பிறந்தது. அக்டோபரில் அடுத்த வீடியோ. சோழிங்கநல்லூரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவை அரங்குக்குள், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை அவரே வெட்டுகிறார், கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. மறுபடியும் சர்ச்சை. மருத்துவமனை 10 நாள் செயல்படத் தடை, 50,000 ரூபாய் அபராதம்.

இரண்டு நடவடிக்கையும் சரியானவைதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கவேண்டி வந்த மாநிலம் இது. உசிலம்பட்டி என்ற பெயரைக் கேட்டாலே ஒரு தலைமுறைக்கு வேறு எதுவும் ஞாபகம் வராது. பாலின அறிவிப்பை ஒரு கொண்டாட்டமாக்கி லட்சக்கணக்கான பேருக்குக் காட்டுவது இங்கே விளையாட்டு இல்லை. அறுவை அரங்கும் படப்பிடிப்புத் தளம் இல்லை.

ஆனால் கவனித்துப் பாருங்கள். முதல் வீடியோவில் சட்டம் காப்பாற்ற வந்தது பிறக்காமல் போகக்கூடிய பெண் குழந்தைகளை. இரண்டாவது வீடியோவில் காப்பாற்ற வந்தது அறுவை அரங்கின் ஒழுங்கை. இரண்டு வீடியோவிலும் நடுவில் இருந்த அந்தக் குறிப்பிட்ட குழந்தைக்காக எந்தச் சட்டமும் வரவில்லை. பிறந்த முதல் நிமிடத்தில், ரத்தமும் ஈரமுமாக இருந்த தன் உடம்பை ஊரே பார்க்க அந்தக் குழந்தை சம்மதித்ததா என்பது நோட்டீஸில் வரும் கேள்வியே இல்லை. மருத்துவர் கொடியை வெட்டியிருந்து, அனுமதி வாங்கி அதே காட்சியைப் படம் எடுத்திருந்தால், மொத்த விவகாரமும் "அழகான அப்பா" என்ற கமென்ட்டோடு முடிந்திருக்கும்.

இர்ஃபானைத் திட்டுவது சுலபம். அவரைத் திட்டுகிற நாம், அந்தத் திட்டை முடித்துவிட்டு நம் வீட்டுப் பிள்ளை குளிக்கிற படத்தைக் குடும்பக் குரூப்பில் போடுகிறோம். அவருடைய தவறுக்கும் என் பதினெட்டு விநாடிக்கும் அளவில்தான் வித்தியாசம். இரண்டு பேருமே பிள்ளையின் முகத்தை நம்முடைய பொருளாக நினைத்தோம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

நம் நாட்டில் குழந்தையின் முகத்தை மறைக்கச் சொல்லும் சட்டங்கள் இருக்கின்றன. போக்சோ சட்டம் 2012, பிரிவு 23. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. ஆனால் இவை பாதிக்கப்பட்ட குழந்தைக்கும், வழக்கில் சிக்கிய குழந்தைக்கும், சாட்சி சொல்லும் குழந்தைக்கும், பராமரிப்பு தேவைப்படும் குழந்தைக்கும்தான். அதாவது ஏதாவது நடந்த பிறகுதான் முகத்துக்கு மதிப்பு வருகிறது. நன்றாக இருக்கிற பிள்ளையின் முகம் திறந்த வீடு.

அப்புறம் 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாள நிறுவனங்கள் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்து வாங்க வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கவோ குறிவைத்து விளம்பரம் காட்டவோ கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

ஒன்று, ஒருவர் தன் சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. என் பதினெட்டு விநாடி இதற்குள் வந்துவிடும். விளம்பரம் வாங்கிச் சம்பாதிக்கும் குடும்பச் சேனல் "வீட்டு உபயோகமா" என்பது வக்கீல்கள் வாதாட வேண்டிய விஷயம்.

இரண்டாவதுதான் முக்கியம். தரவுக்கு உரியவர் யார் என்று சட்டம் வரையறுக்கிறது. அவர் குழந்தையாக இருந்தால், அந்தச் சொல்லுக்குள்ளேயே பெற்றோரும் அடக்கம். தன் தரவை அழிக்கச் சொல்லும் உரிமை தரவுக்கு உரியவருக்கு உண்டு. அதாவது நடைமுறையில் பிள்ளைக்காகப் பெற்றோர் கேட்பார்கள். வெளியாள் போட்ட படத்துக்கு இது சரி. படத்தைப் போட்டதே பெற்றோர் என்றால்? பூட்டும் அவர் கையில், சாவியும் அவர் கையில்.

2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் சஞ்சய் கிஷன் கவுல், அதற்குச் சில மாதம் முன்புவரை நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. பிள்ளைகள் சமூக ஊடகத்தில் அழியாத தடங்களை விட்டுச் செல்கிறார்கள், அறியாத வயதில் செய்ததற்காக வாழ்நாள் முழுக்க அவர்கள் விலை கொடுக்கக் கூடாது என்ற கருத்தைத் தன் தனித் தீர்ப்பில் எழுதினார். நல்ல வார்த்தை. ஆனால் அது பிள்ளைகள் தாங்களாகவே விட்ட தடத்தைப் பற்றியது. நடக்கத் தெரியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் நாம் பதித்துவிட்டு வரும் தடத்தை என்ன செய்வது?

பிரான்ஸில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 2020 அக்டோபரில் வந்த சட்டம் 16 வயதுக்குட்பட்ட இணைய நட்சத்திரங்களைப் பற்றியது. வருமானத்தில் பிள்ளையின் பங்கு ஒரு பொது வைப்புக் கணக்கில் போய், வயது வந்த பிறகுதான் கைக்கு வரும். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு பிரிவு: படத்தை நீக்கு என்று பிள்ளையே தளத்திடம் கேட்கலாம். அப்பா அம்மா சம்மதம் தேவையில்லை. 2024 பிப்ரவரியில் இன்னொரு சட்டம் வந்தது. பிள்ளையின் படத்துக்குப் பெற்றோர் உரிமையாளர் இல்லை, காவலர் என்பதுதான் அதன் சாரம். வயதுக்கும் பக்குவத்துக்கும் தக்கபடி பிள்ளையின் கருத்தையும் கேட்க வேண்டும். அக்கா மகள் கேட்டது இதைத்தான். சடையங்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு, பிரெஞ்சுச் சட்டம் எதுவும் தெரியாமல்.

வேலை என்று சொன்னால் கோபம் வரும்

வீட்டில் எடுக்கும் வீடியோவை "வேலை" என்று சொன்னால் பெற்றோருக்குக் கோபம் வரும். பிள்ளை சும்மா விளையாடுது, நாங்க எடுக்கறோம், அவ்வளவுதான் என்பார்கள். ஆனால் சினிமாவில் இதே பிள்ளை நடித்தால் சட்டம் அதை வேலையாகத்தான் பார்க்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தி, 2017இல் விதிகள் வந்தன. குழந்தை நட்சத்திரம் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட நடுவர் அதிகாரம் கொண்ட ஆட்சியரிடம் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் தேசிய வங்கியில் வைப்பாகப் போக வேண்டும். பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக எதிலும் பங்கேற்கச் செய்யக் கூடாது.

2022இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல்கள் சமூக ஊடகத்தையும் இந்த வட்டத்துக்குள் கொண்டுவரப் பார்த்தன. சரியான திசை. ஆனால் அதே 2016 திருத்தத்தில் இன்னொரு விலக்கும் உண்டு: பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம். குடும்பச் சேனலைக் குடும்பத் தொழில் என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? படுக்கையறையில் படப்பிடிப்பு மணி அடிக்காது. பிறந்தநாள் கேக்கை இரண்டாம் தடவை வெட்டச் சொன்னால் அது எத்தனை மணி நேர வேலை என்று யார் கணக்கெடுப்பார்கள்?

தளங்களுக்கு இதெல்லாம் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். 13 வயது ஆகாத பிள்ளை இன்ஸ்டாகிராமில் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அம்மா அப்பா நடத்தும் கணக்கில் சரக்காக இருக்கலாம். 2019 பிப்ரவரியில் யூடியூப், சிறுவர்கள் வரும் கோடிக்கணக்கான வீடியோக்களில் கமென்ட் பகுதியையே மூடியது. விளையாட்டாக எடுத்த வீடியோக்களின் கீழே வக்கிரம் பிடித்த ஆட்கள் கூடி, எந்த விநாடியில் என்ன தெரிகிறது என்று ஒருவருக்கொருவர் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது வெளியே வந்த பிறகு. அதே ஆண்டு ஜூனில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. பிரேசிலில் ஒரு பத்து வயதுச் சிறுமியும் தோழியும் வீட்டுக் கொல்லையில் நீச்சல் தொட்டியில் விளையாடிய வீடியோ. போட்டவர்கள் பிரபலம் இல்லை. சில நாட்களில் நான்கு லட்சம் பார்வை. அந்த மாதிரி வீடியோ தேடும் ஆட்களுக்கு யூடியூபின் பரிந்துரையே அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தது. மகள் சந்தோஷமாக வந்து சொன்னாளாம், எண்ணிக்கையைப் பார்த்து அம்மாவுக்குத்தான் பயம் வந்தது. அவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று நான் டிசம்பரில் கேட்கவே இல்லை.

ஸ்டிக்கரும் கூழைக்கடாவும்

இனி எங்கள் பக்கத்து விஷயத்துக்கு வருகிறேன். வடசென்னையில் இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு முகம் உண்டு. இங்கே பிள்ளைகளின் படத்தை அதிகம் எடுப்பது பெற்றோர் இல்லை, வெளியிலிருந்து வருகிறவர்கள்.

2015 வெள்ளத்தில் நிவாரணப் பொட்டலங்கள் மேல் கட்சி ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள் என்று பெரிய சர்ச்சை ஆனது. ஊரே சிரித்தது. 2023இல் ஸ்டிக்கருக்கு வேலை இல்லை. பிரெட் வாங்கும் பிள்ளையின் முகமே ஸ்டிக்கர் ஆகிவிட்டது. கொடுக்கிறவர் கை, வாங்குகிற பிள்ளையின் கண், பின்னால் பாட்டு. கொடுக்கிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. சோறு வந்தது, சாப்பிட்டோம், நன்றி மறக்கவில்லை. ஆனால் சோற்றுக்கு விலையாக முகத்தை வாங்கிக்கொண்டு போனால் அதற்குப் பெயர் தானம் இல்லை.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும், நானே என்னைக் கேட்டுக்கொண்டதுதான். படம் இல்லாவிட்டால் நகரம் எங்களைத் திரும்பிப் பார்த்திருக்குமா? அதே வெள்ளத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை போனது. வலையும் படகும் கறுப்பாயின. படங்கள் வெளியே வந்ததால்தான் பசுமைத் தீர்ப்பாயமும் அரசும் அசைந்தன என்பது என் எண்ணம். ஆக, படமே கூடாது என்று நான் சொன்னால் அது எங்கள் ஊருக்கே துரோகம்.

ஆனால் அந்த நாட்களில் எல்லார் மனதிலும் நின்ற படங்களை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் அப்பிய மீனவர் கைகள். இறகெல்லாம் கறுத்துப்போன கூழைக்கடாக்கள். அந்தப் படங்கள் செய்யவேண்டிய வேலையைச் செய்தன. கூழைக்கடாவுக்கு ஆறாம் வகுப்பில் சக மாணவர்கள் கிடையாது. நான் எங்கள் தெருவின் தண்ணீர் மட்டத்தை எடுத்திருக்கலாம். சுவரில் நின்ற கோட்டை எடுத்திருக்கலாம். படகு வர எத்தனை நாளானது என்று நானே முகம் காட்டிப் பேசியிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் என் முகத்துக்குப் பதில் அவள் முகத்தைப் போட்டேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

முகத்தை மறைத்துக்கொள்வதும் வசதி உள்ளவர்களுக்குத்தான் சுலபம். விராட் கோலியும் அனுஷ்கா சர்மாவும் குழந்தை பிறந்தபோது படம் எடுக்க வேண்டாம் என்று புகைப்படக்காரர்களைக் கேட்டுக்கொண்டார்கள், பெரும்பாலும் மதித்தார்கள். 2022 ஜனவரியில் கேப் டவுன் ஆட்டத்தின்போது டிவி கேமரா குழந்தையைக் காட்டிவிட்டது. மறுநாளே அவர்கள் மறுபடி வேண்டுகோள் வைத்தார்கள், அது நாடு முழுக்கச் செய்தியானது. அப்படியும் படம் பரவத்தான் செய்தது. அவர்களுக்கே அந்த நிலை என்றால், படகில் வந்தவரிடம் "படம் எடுக்காதீங்க" என்று சொல்ல எங்கள் தெருவில் யாருக்கு வாய் வரும்? கையில் பிரெட் இன்னும் வந்து சேரவில்லையே.

கண்ணு படும்

படம் போடாதே என்று உபதேசம் செய்கிறவர்கள்மேல் எனக்கு ஒரு சின்னக் கோபமும் உண்டு. எங்கள் அம்மாவுக்குச் சின்ன வயதுப் படம் ஒன்றுகூடக் கிடையாது. அவரை முதன்முதலாகப் படம் எடுத்தது கல்யாணத்தில். பிள்ளையைப் புதுத்துணி போட்டு நிற்கவைத்து எடுப்பது, அதை நாலு பேருக்குக் காட்டுவது, எங்களுக்கு இப்போதுதான் கிடைத்த சந்தோஷம். அக்கா வருஷாவருஷம் மகள் பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பாள். அதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. தெரிந்தவர்கள் பார்க்கிறார்கள், 24 மணி நேரத்தில் போய்விடுகிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நாலு வீடு காட்டி வருவது மாதிரி.

அந்த நாலு வீட்டுக்குப் போகும்போதும் நம் பெண்கள் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்துத்தான் அனுப்பினார்கள். திரும்பி வந்தால் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்கள். திருஷ்டியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பழக்கத்துக்குள் ஒரு எச்சரிக்கை இருந்தது: பார்க்கிற கண் எல்லாம் ஒன்று இல்லை, பிள்ளையை எல்லார் பார்வைக்கும் ஒரே மாதிரி விட்டுவிடக் கூடாது. இன்று பிள்ளை முகத்தின் மேல் இதய எமோஜி ஒட்டிப் போடும் அம்மாக்களைக் கிண்டல் செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். பழைய பொட்டுதான் அது, கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

ஸ்டேட்டஸ் வைக்கும் அக்காவையும் ரீல்ஸ் போடும் குடும்பச் சேனலையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் நிறைய பேர் இருக்கிறோம். எனக்காக நான் வைத்துக்கொண்ட கேள்விகள் இவை. இதே கோலத்தில் என் படத்தை நான் போடுவேனா? அழுதுகொண்டு, ஈரத்துணியோடு, கை நீட்டியபடி? நாளைக்குப் பிள்ளை எடுக்கச் சொன்னால் எல்லார் கையிலிருந்தும் திரும்ப வாங்க முடியுமா? இதனால் பேரோ பணமோ வந்தால், அது யாருக்குப் போகும்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இடித்தாலும் படம் என் போனிலேயே இருக்கட்டும். கேட்டுப் புரிந்து பதில் சொல்லும் வயது பிள்ளைக்கு வந்துவிட்டால், இந்தக் கேள்விகளுக்கு முன்னால் அவளையே கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், ஏன் என்ற கேள்வி கூடாது.

சட்டத்திடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று. எடுத்துவிடு என்று பிள்ளையே நேராகக் கேட்கலாம், கேட்டால் தளம் எடுத்தாக வேண்டும், போட்டது அப்பாவோ அம்மாவோ மாமாவோ யாராக இருந்தாலும். பிரான்ஸில் எழுத முடிந்த வரியை இங்கேயும் எழுத முடியும்.

அந்த நகல் இன்னும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. தளத்திடம் இரண்டு தடவை புகார் கொடுத்தேன். விதிமீறல் இல்லை என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. அக்காவையும் கூட்டிக்கொண்டு, அம்மா என்ற முறையில் புகார் கொடுக்கப்போகிறோம். அதற்காக அக்காவிடம் விஷயத்தைச் சொல்லவேண்டி வந்தது. அதையும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன்.

இந்தப் பதிவை எழுதலாமா என்றும் அவளிடம் கேட்டேன். "பேர் போடாத, ஸ்கூல் பேர் போடாத, அப்புறம் படிச்சுக் காட்டு" என்றாள். நேற்று ராத்திரி முழுசாகப் படித்துக் காட்டினேன். பிரான்ஸ் வந்த இடத்தில் கொஞ்சம் தூங்கி வழிந்தாள். அவளைப் பற்றி எழுதியிருந்த இரண்டு வரிகளை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள்.

எடுத்துவிட்டேன்.